அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றுகிறவனுக்குக் கவனம் இல்லையா?

கேள்வி: மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு 3 வயது 8 மாதம். மகளுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. போனைக் கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்து மூன்று மாதமாக வீட்டிலேயே கிராப்ட் செய்ய வைக்கிறேன். ராத்திரி வீடியோ பார்த்து, சார்ட் பேப்பரில் எல்லாவற்றையும் வெட்டித் தயாராக வைத்துவிட்டுத்தான் படுப்பேன். மறுநாள் மகன் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் அதிசயம். பசையைக் கவிழ்க்கிறான், சுவரில் கிறுக்குகிறான், ஓடிவிடுகிறான். இதே பிள்ளை பாத்ரூமில் குவளையும் பக்கெட்டுமாக அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றி விளையாடுவான். மகள் நேர் எதிர், “எனக்கு வராது, நீயே வரைஞ்சு குடும்மா” என்று அழுகிறாள். முடித்தால் ஸ்டிக்கர் என்று ஆசை காட்டினேன், இப்போது ஸ்டிக்கர் இல்லாமல் கிரேயானைத் தொடுவதே இல்லை. சமையலுக்கு வைத்த மாவை வீணாக்குகிறேன் என்று மாமியாருக்கு வருத்தம். கடைசியில் தினமும் நான் கத்துவதில்தான் முடிகிறது. மகனுக்குக் கவனக்குறைபாடு இருக்குமோ என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதிலிருந்து தூக்கம் போய்விட்டது. என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண்ணில் பட்டது அந்தப் பாத்ரூம் குவளைதான். நீங்கள் அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ அதுதான் விடையாகத் தெரிகிறது. குழந்தைகளோடு வேலை செய்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான், அதாவது அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடம்பையும் பழக்குகிற சிகிச்சையாளர், நாள் முழுக்கச் சின்னக் கைகளைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், மறு கையால் குவளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கண் விளிம்பிலேயே இருக்க வேண்டும், வழிவதற்கு முன்னால் நிறுத்தவும் வேண்டும். இதை அரை மணி நேரம் விடாமல் செய்கிற பையனுக்குக் கவனம் இல்லை என்று அந்த அக்கா சொன்னால், அவர் பாத்ரூம் பக்கம் வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பசை வேலையில் உட்காரவில்லை என்பதை மட்டும் வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது. அவனுக்குப் பிடித்த விளையாட்டில்கூட நிலைக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வார்த்தைகளைச் சேர்த்துப் பேசவில்லை, முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றை இப்போது செய்வதில்லை, இப்படி ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள், தள்ளிப் போட வேண்டாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. இன்றைக்குத் தூங்குங்கள்.

சரி, அப்படியென்றால் பசை வேலையில் ஏன் உட்கார மாட்டேன் என்கிறான்? அங்கே அவனுக்கு வேலையே இல்லை என்பதால்தான். எதைச் செய்வது என்று தேர்ந்தெடுத்தது நீங்கள், வரைந்தது நீங்கள், வெட்டியது நீங்கள், கண் எங்கே மூக்கு எங்கே என்று தீர்மானித்ததும் நீங்கள். மாங்காயை நறுக்கி, உப்புப் போட்டு, தாளித்து, ஜாடியில் அள்ளிப் போட்டுவிட்டு மூடியை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து “வா, ஊறுகாய் போடலாம்” என்று கூப்பிடுவது போலத்தான் இது. மூடி போட இரண்டு நிமிடம் போதும், அவன் எடுத்துக்கொண்டதும் அதே இரண்டு நிமிடம்தான். அந்த வீடியோக்களில் வருகிற கைகளை ஒரு தடவை உற்றுப் பாருங்கள், எல்லாம் நகப்பூச்சு போட்ட பெரியவர்களின் கைகள், அதையும் வேகமாக ஓட்டித்தான் காட்டுகிறார்கள்.

இந்த வயதில் கை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் உங்களுக்குப் பாதி எரிச்சல் குறையும். ஒன்றரை வயது வாக்கில் கிறுக்கல் தொடங்கும். மூன்றை ஒட்டி ஒரு கோட்டைச் சுற்றிக் கொண்டுவந்து தொடங்கிய இடத்திலேயே மூடத் தெரியும், அதாவது வட்டம். கூட்டல் குறியைப் பார்த்துப் போடுவது நாலு வயதுக்கு, சதுரம் ஐந்தை ஒட்டி, முக்கோணம் அதற்கும் பிறகு. சில மாதம் முன்பின் ஆகும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். நடுவில் ஒரு நாள் அந்த வட்டத்துக்கு இரண்டு கண் வரும், அடியில் நேராக இரண்டு கால் முளைக்கும், உடம்பே இருக்காது. தலைப்பிரட்டை மாதிரி இருக்கும், ஆங்கிலத்திலும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். ரோடா கெல்லாக் என்ற அமெரிக்க அம்மையார் பல நாடுகளிலிருந்து பத்து லட்சம் அளவுக்குக் குழந்தை ஓவியங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தார், எந்த ஊர்ப் பிள்ளையானாலும் கிறுக்கலில் தொடங்கி ஏறக்குறைய இதே வழியாகத்தான் வருகிறது என்று 1960களில் எழுதினார். உங்கள் மகன் அந்த வரிசையில் இப்போது வட்டத்துப் பக்கம் எங்கேயோ இருக்கிறான். அவனிடம் போய் பிஸ்தா ஓட்டில் மயில் கேட்டால் என்ன செய்வான், பாவம்.

அவனுக்கு இப்போது ‘என்ன செய்தாய்’ என்பது பொருட்டே இல்லை. ‘இது என்ன செய்யும்’ என்பதுதான் அவன் கேள்வி. பசையைக் கவிழ்த்தால் எவ்வளவு தூரம் ஓடும், மாவை அமுக்கினால் விரலிடுக்கில் எப்படிப் பிதுங்கும். அதனால் அவனுக்குப் பொருளைக் கொடுங்கள், மாதிரியைக் கொடுக்காதீர்கள்.

முதலில் மாவு. சப்பாத்திக்குப் பிசையும்போது ஒரு உருண்டை அவனுக்கு, கூடவே ஒரு பழைய சீப்பு, இடியாப்ப அச்சு, ஒரு கரண்டி. என்ன செய்யலாம் என்று சொல்லாதீர்கள், நீங்கள் பாட்டுக்குச் சப்பாத்தி தேயுங்கள். ஒரு பங்கு மைதாவுக்கு அரைப் பங்கு உப்பு, அரைப் பங்கு தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் உப்பு மாவு, காயவைத்தால் கெட்டியாகும். வாயில் போடுகிற பழக்கம் இன்னும் இருந்தால் உப்பு மாவு வேண்டாம், அவ்வளவு உப்பு சின்ன உடம்புக்கு ஆகாது. மதுரை வெயிலுக்கு அது நன்றாகவே காயும். சென்னையில் ஒரு நவம்பர் மாதம் நான் இதே மாவில் அகல் விளக்கு செய்து அலமாரியில் அடுக்கினேன், உப்பு ஈரத்தை இழுத்து நாலே நாளில் விளக்கெல்லாம் வியர்த்து, மூக்கு தொங்கிவிட்டது.

உப்பு மாவைவிட எனக்குப் பிடித்தது களிமண். உங்கள் ஊரிலேயே விளாச்சேரி இருக்கிறது, கொலு பொம்மை செய்கிற குடும்பங்கள் இருக்கிற இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் செய்வதைக் காட்டி, ஒரு கட்டி மண் விலைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். சுடாத களிமண் ஒரு பொக்கிஷம், ஈரத்துணியில் சுற்றி பாலித்தீன் பையில் வைத்தால் வாரக்கணக்கில் இளக்கமாக இருக்கும். காய்ந்துபோனாலும் உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி மண்தான், எதுவும் வீணாவதில்லை. மண்ணைப் பிசைவதில் கைக்குக் கிடைக்கிற உழைப்புக்குக் கடையில் விற்கிற கிராப்ட் கிட் எதுவும் பக்கத்தில் வராது.

அடுத்தது வெட்டுவது. இந்த வயதில் கத்தரிக்கோலை ஒரு தடவை திறந்து மூடத் தெரியும், கோட்டின் மேல் வெட்டுவது இன்னும் ஒரு வருடத்துக்கு அப்புறம். மெல்லிய காகிதம் கத்தரியில் மடங்கி மாட்டிக்கொள்ளும், பிள்ளை வெறுத்துப்போவான். அதற்கு நம் வீட்டில் சும்மா கிடக்கிற பொருள் கல்யாணப் பத்திரிகை. அந்த அட்டையை இரண்டு செ.மீ. அகலப் பட்டைகளாக நீங்கள் நறுக்கிக் கொடுங்கள், அவன் ஒரு வெட்டு வெட்டினால் ஒரு துண்டு விழ வேண்டும். அந்தத் துண்டு விழுகிற சந்தோஷத்துக்காகவே இருபது தடவை வெட்டுவான். (பிள்ளையார் படமும் மஞ்சள் தடவிய மூலையும் இருக்கிற பக்கத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், மாமியாருக்கு முன்னால் பிள்ளையாரை வெட்டி அந்தப் பேச்சையும் வாங்க வேண்டாம்.) நுனி மழுங்கிய கத்தரி போதும், கட்டை விரல் மேலே பார்த்திருக்க வேண்டும். பையன் இடதுகைக்காரனாக இருந்தால் இடதுகைக் கத்தரியே வாங்கிக் கொடுங்கள், சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் விலகிப்போய் வெட்டுகிற கோட்டையும் மறைத்துவிடும், பிள்ளைக்குக் கை வரவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

ஒட்டுவதற்குப் பாட்டில் பசையே வேண்டாம். ஒரு ஸ்பூன் மைதாவை ஐந்து ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய தீயில் கிளறினால் கண்ணாடி மாதிரி வரும், ஆறவைத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு பிரஷ்ஷோடு கொடுங்கள். கவிழ்த்தாலும் கிண்ணம் அளவுக்குத்தான் கவிழும். பைண்டிங் செய்கிறவர்களும் போஸ்டர் ஒட்டுகிறவர்களும் இதே பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், யாராவது பழைய ஞாபகத்தில் சொன்னால் கலந்துவிடாதீர்கள். நம் பசை ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும், புளித்த வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள்.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். அவன் உங்களை எரிச்சலூட்டுவதற்காகச் சுவருக்குப் போவதில்லை, நின்றுகொண்டு கையைத் தூக்கி வரைவது அவனுக்குச் சுலபமாக இருக்கிறது. தோளிலிருந்து பெரிய பெரிய கோடாகப் போடலாம், மணிக்கட்டும் எழுதுவதற்கு ஏற்ற மாதிரி பின்னால் வளைந்து நிற்கும். எங்கள் சிகிச்சை அறையில் நாங்களே காகிதத்தைச் சுவரில் ஒட்டித்தான் வரையச் சொல்கிறோம். அதனால் ‘சுவரில் வரையாதே’ என்று மட்டும் சொன்னால் போதாது, ‘இங்கே வரை’ என்று ஒரு இடமும் காட்ட வேண்டும். பீரோ கதவிலோ ஃபிரிட்ஜ் பக்கவாட்டிலோ பழுப்புக் காகிதத்தை அவன் நெஞ்சு உயரத்துக்கு டேப் போட்டு ஒட்டுங்கள். முழுக் கிரேயானைக் கொடுக்காதீர்கள், ஒன்றரை அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள், துண்டை முஷ்டியில் பிடிக்க இடம் இருக்காது, விரல் நுனிக்குத் தானாகவே வந்துவிடும். உடைந்த கிரேயானைத் தூக்கிப்போடுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இன்னொரு யோசனை, வாடகை வீட்டுக்காரர்களுக்கென்றே வைத்திருக்கிறேன். சாயந்தரம் வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடிக்குப் போங்கள், ஒரு சின்ன வாளியில் தண்ணீர், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ், அவ்வளவுதான். தரையெல்லாம் அவன் பெயின்ட் அடிக்கட்டும், கைப்பிடிச் சுவரும் அவனுடையதே. அடித்துக்கொண்டே இருக்கும்போது பின்னால் காய்ந்துகொண்டே வரும், மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். வீட்டு ஓனருக்கு ஒரு புள்ளி மிஞ்சாது. (ஏற்கெனவே சுவரில் இருக்கும் கிரேயானை ஈரத்துணியில் கொஞ்சம் சமையல் சோடா தொட்டுத் துடைத்துப் பார்க்கலாம். டிஸ்டெம்பர் அடித்த சுவர் என்றால் அழுத்தித் தேய்க்காதீர்கள், கிரேயானோடு சேர்ந்து சுவர்ப் பூச்சும் வந்துவிடும்.)

மாமியார் விஷயம். மாவு வீணாகிறதே என்று அவர் சொல்வதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ரேஷன் வரிசையில் நின்று பழகிய தலைமுறைக்கு மாவு என்றால் சாப்பாடுதான். அதனால் அவருக்கு உறுத்தாத இடத்திலிருந்து தொடங்குங்கள். வாசலில் அரிசி மாவுக் கோலம் போட்டால் அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை, எறும்பு தின்னும் என்று சொல்லியே போடுகிறோம். பேத்தியை அவரோடு வாசலுக்கு அனுப்புங்கள். மூன்று புள்ளி மூன்று வரிசையிலிருந்து ஆரம்பித்து, ஐந்து, ஏழு என்று போகட்டும். பையனுக்குப் புள்ளியெல்லாம் வேண்டாம், ஒரு பிடி மாவைக் கிள்ளி உதறுவதே போதும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளுகிற அந்த அசைவுக்காகத்தான் நாங்கள் கிளினிக்கில் என்னென்னவோ சாமான் வாங்கி வைத்திருக்கிறோம். தென்னை ஓலையில் பாம்பு முடையவோ, பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதவோ அவருக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும், மாவுப் பேச்சும் குறையும் என்றே நினைக்கிறேன்.

இனி மகள். உண்மையைச் சொன்னால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கொஞ்சம் கவலை தந்தது அவள்தான், மகன் இல்லை. ஆறு வயதில் பிள்ளைகளுக்கு ஒரு புதுக் கண் திறக்கும், தான் வரைந்த பூனையையும் நிஜப் பூனையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்துவிடும், ஆனால் கை இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்காது. நடுவில் இருக்கிற அந்தப் பள்ளத்தில் நின்றுதான் “எனக்கு வராது” என்கிறாள். கூடவே மூன்று மாதமாக உங்கள் கைவேலையைத்தான் அவள் மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் முப்பது வருடம் பழகிய கையால் வெட்டி வைத்த பட்டாம்பூச்சிக்குப் பக்கத்தில் அவளுடையது கோணலாகத்தான் இருக்கும்.

அவள் காகிதத்தில் நீங்கள் வரையாதீர்கள், இது ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். “வரைஞ்சு குடு” என்று கேட்கும்போது “நீயே வரை” என்று தள்ளிவிடவும் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பொருளைப் பார்க்க வையுங்கள். பூனையென்றால் தெருவில் போகிற பூனையையே பார்க்கலாம், காது தலையின் உச்சியில் இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா, வால் உடம்பைவிட நீளமா, உட்கார்ந்தால் முன்னங்கால் தெரிகிறதா என்று பேசுங்கள். பார்க்கப் பார்க்கக் கை தானாகக் காகிதத்துக்குப் போகும். வரைந்து முடித்ததும் “சூப்பர்” என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் “வாலை இவ்வளவு நீளமா போட்டிருக்கியே, எங்கே போய்க்கிட்டிருக்கு இது?” என்று கேளுங்கள். ஒரு கதை வரும், அடுத்த படமும் அந்தக் கதையிலேயே இருக்கும்.

காப்பியடிப்பதைப் பற்றி என் தொழிலில் இருக்கிற சிலர் ரொம்பக் கடுமையாகப் பேசுவார்கள், குழந்தை பார்த்து வரையவே கூடாது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோலம் என்ற கலையே பார்த்துப் போட்டுத்தான் வந்திருக்கிறது. அவளாக ஆசைப்பட்டு பாட்டி போட்ட சிக்குக்கோலத்தை நோட்டில் பத்து தடவை போட்டுப் பார்த்தால் போடட்டும், எங்கே வளைக்க வேண்டும் என்று புரிந்ததும் அவளே மாற்றிப் போட ஆரம்பிப்பாள். பார்த்துப் போட்டதை யாரோ பக்கத்திலிருந்து சரிபார்த்து மார்க் போடும்போதுதான் அது கெட்டுப்போகிறது.

ஸ்டிக்கரை நிறுத்துங்கள். உங்கள் வீட்டில் நடந்தது 1973-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் அப்படியே சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். வரைவதில் ஏற்கெனவே ஆசை இருக்கிற 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள், இன்னொன்றுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள், மூன்றாவதுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். விளையாட்டு கூலி வேலையாகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு வாரம் கிரேயானைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருங்கள். “ஸ்டிக்கர் எங்கே?” என்று கேட்டால் “தீர்ந்துபோச்சு” என்று சொல்லிவிடலாம், இதற்கெல்லாம் பொய் சொன்னால் பரவாயில்லை.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணி, பட்டன், தெர்மாகோல் உருண்டை, ஒட்டுகிற பொம்மைக் கண், இதெல்லாம் எதையும் வாயில் போடுகிற வயது முழுவதுமாகத் தாண்டும் வரை வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையைச் சோதிக்க 3.17 செ.மீ. விட்டமுள்ள ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையில் மாட்டக்கூடியது என்று கணக்கு. உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், ஆனாலும் வீட்டுக்கு வருகிற குட்டிகளை நினைத்து வையுங்கள். உடனே ஒட்டுகிற சூப்பர் பசையும் சூடான பசைத் துப்பாக்கியும் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கலர்க் கோலப்பொடி நைசாகப் பறக்கும், மூக்கில் ஏறும், பையனுக்கு அரிசி மாவு போதும். கிட் வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருளுக்கு அது கட்டாயம்.

கத்துவதைப் பற்றி. நீங்கள் கத்துவது பிள்ளை பசையைக் கொட்டியதால் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் வெட்டியதை அவன் இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டுப் போகிறானே, அந்தக் கோபம். ஆகவே ராத்திரி வேலையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் தயாரிப்பு தேவைப்படுகிற எதையும் செய்யாதீர்கள். ஒரு பழைய பெட்ஷீட், அதை விரித்தால் வேலை, மடித்தால் முடிந்தது. தினமும் வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் போதும். பத்து நிமிடத்தில் எழுந்து போனால் போகட்டும், கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். துடைக்கிற துணி அவன் கையிலும் ஒன்று இருக்கட்டும், அவனுக்குத் துடைப்பதும் விளையாட்டுதான். ஒரு நாள் உங்களுக்கு உடம்பு முடியவில்லையா, போனில் இருபது நிமிடம் கார்ட்டூன் பார்த்தால் குடி முழுகிப் போகாது.

முதல் நாளைக்கு இதைச் செய்து பாருங்கள். சனிக்கிழமை குளிக்கப் போகும் முன்னால் நாலைந்து சிவப்புச் செம்பருத்திப் பூவை இரண்டு பேரும் கசக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் போடட்டும். சாயம் இறங்கியதும் பூவை எடுத்துவிட்டு, தண்ணீரை அந்தப் பாத்ரூம் குவளைகளில் மூன்றாகப் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும், பளிச்சென்று ரோஜா நிறம் வரும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா, பச்சையாகும். மூன்றாவதில் என்ன போடுவது என்று மகனிடம் கேளுங்கள். மகளிடம் ஒரு பிரஷ்ஷும் பழைய காலண்டர் தாளும் கொடுத்துவிட்டு, நீங்கள் பாத்ரூம் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காபி குடியுங்கள்.